தொட்டியில் எத்தனை மீன்கள்?

டயாலிசிஸ் சிகிச்சைக்கு வருபவர் ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம் படுக்கையில் இருக்க வேண்டும். இயந்திரம் தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும். பேச்சு எங்கெங்கோ செல்லும். பேரப்பிள்ளைகளின் தேர்வு, உப்பள விளைச்சல், பனிமய மாதா திருவிழா, மழை எப்போது வரும் என எல்லாமே அங்கே பேசப்படும். சென்ற கோடையில் ஒரு நாள் அந்தப் பேச்சு மீன்தொட்டிக்கு வந்தது.

பேசியவர் அறுபது வயதைக் கடந்தவர். துறைமுகத்தில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். அவருடைய அனுமதியுடன் இதை எழுதுகிறேன். அடையாளம் காட்டக்கூடிய விவரங்களைத் தவிர்த்திருக்கிறேன். பேத்தியின் பிறந்த நாளுக்கு இரண்டடி நீளத் தொட்டி ஒன்றும், பதினெட்டுத் தங்கமீன்களும் வாங்கிக் கொடுத்திருந்தார். ஒரே மாதத்தில் ஏழு மீன்கள் இறந்துவிட்டன.

“வாரா வாரம் தொட்டியக் கவுத்தி, கல்லு, ஃபில்டர் எல்லாத்தையும் குழாய்த் தண்ணில கழுவி, புதுத் தண்ணி ஊத்துறோம் டாக்டரம்மா. பளிங்கு மாதிரி இருக்கு. அப்புறமும் சாவுது. பிள்ளை அழுதுக்கிட்டே இருக்கா,” என்றார்.

“ஐயா, தொட்டியோட நீளம், அகலம், தண்ணி நிக்கிற உயரம் மூணையும் அளந்து எழுதிட்டு வாங்க. மீனுங்க எவ்வளவு நீளம்னும் பாத்துட்டு வாங்க,” என்றேன்.

சிறுநீரக மருத்துவருக்கு மீன்தொட்டியில் என்ன வேலை என்று செவிலியர் ஒருவர் சிரித்தார். வேலை இருக்கிறது. வீட்டில் நானும் ஒரு தொட்டி வைத்திருக்கிறேன் என்பது ஒரு காரணம். உடலில் சேரும் கழிவு எங்கே போகிறது, எவ்வளவு வேகத்தில் போகிறது என்ற கேள்விதான் என் துறையின் அடிப்படை என்பது மற்றொரு காரணம். ஒரு தொட்டியில் எத்தனை மீன்களை வளர்க்கலாம் என்பதும் அதே கேள்விதான். எத்தனை மீன்களுக்கு இடம் இருக்கிறது என்று பார்ப்பதைவிட, எத்தனை மீன்களின் கழிவை அந்த நீர் தாங்கும் என்று பார்க்க வேண்டும்.

கண்ணுக்குத் தெரியாத கழிவு

புரதம் செரிக்கும்போது அம்மோனியா உண்டாகிறது. அது நச்சு. நம் கல்லீரல் அதை யூரியாவாக மாற்றுகிறது. சிறுநீரகங்கள் அந்த யூரியாவை வெளியேற்றுகின்றன. மீனுக்கு இந்தச் சுற்றுவழி பெரும்பாலும் தேவைப்படுவதில்லை. சுற்றிலும் நீர் இருப்பதால், அது அம்மோனியாவைச் செவுள்களின் வழியாக நேரடியாக நீரில் விட்டுவிடுகிறது. ஆற்றிலோ கடலிலோ அது உடனே கரைந்து பரவிவிடும். தொட்டியில் அதற்குப் போக்கிடம் இல்லை. மீன் தன் கழிவைத் தானே மீண்டும் சுவாசிக்க நேர்கிறது.

அதைக் காப்பாற்றுபவை நுண்ணுயிர்கள். கூழாங்கற்களின் மேலும், ஃபில்டரின் பஞ்சிலும், கண்ணாடிச் சுவரிலும் படிந்து வாழும் ஒருவகை பாக்டீரியாக்கள் அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றுகின்றன. வேறு சில அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றுகின்றன. முதல் இரண்டும் கொடிய நச்சு. மூன்றாவது ஓரளவு தாங்கக்கூடியது. அந்த நைட்ரேட்டை வாரந்தோறும் நீர் மாற்றி நாம் குறைக்க வேண்டும். இந்த நுண்ணுயிர்கள் புதிய தொட்டி ஒன்றில் போதிய அளவில் பெருகுவதற்கு நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகலாம்.

அந்த வீட்டில் நடந்தது இப்போது புரியும். நுண்ணுயிர்கள் இன்னும் குடியேறாத புதுத் தொட்டியில் முதல் நாளே பதினெட்டு மீன்களை விட்டார்கள். சிறிது சிறிதாகக் குடியேறத் தொடங்கிய நுண்ணுயிர்களையும் வாரந்தோறும் குளோரின் கலந்த குழாய் நீரால் கழுவி அழித்தார்கள். தண்ணீர் பளிங்குபோல் இருந்தது உண்மை. அம்மோனியாவுக்கு நிறம் இல்லை. கிரியாட்டினின் உயர்ந்திருக்கும் ஒருவரின் இரத்தமும் பார்வைக்குச் சிவப்பாகத்தான் இருக்கும். அளந்து பார்த்தால்தான் தெரியும்.

நைட்ரைட் சேரும்போது மீனின் இரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபின் மாறிவிடுகிறது. ஆக்சிஜனைச் சுமக்க இயலாமல் இரத்தம் பழுப்பு நிறமாகிறது. நீரில் ஆக்சிஜன் போதுமான அளவில் இருந்தாலும் மீன் மேற்பரப்புக்கு வந்து வாய் திறந்து திணறும். “அப்படித்தான் டாக்டரம்மா, மேல வந்து வாயத் திறந்து திறந்து மூடுச்சு,” என்றார் அவர். பசிக்கிறது என்று எண்ணி, வீட்டார் மேலும் தீனி போட்டிருக்கிறார்கள்.

அளவுகோல்களும் அவற்றின் குறையும்

அடுத்த முறை வந்தபோது அளவுகளைத் தாளில் குறித்து வந்திருந்தார். நீளம் 60 சென்டிமீட்டர், அகலம் 30, உயரம் 30. மூன்றையும் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் 54 லிட்டர். கற்கள் அடைக்கும் இடத்தையும் மேலே விடும் இடைவெளியையும் கழித்தால் உண்மையில் நிற்கும் நீர் ஏறக்குறைய 45 லிட்டர்தான்.

மீன் வளர்ப்போரிடையே நெடுங்காலமாகப் புழங்கும் விதி ஒன்று உண்டு. ஒரு கேலன் நீருக்கு, அதாவது 3.8 லிட்டருக்கு, ஓர் அங்குல மீன். இதன்படி 45 லிட்டரில் மொத்தம் 12 அங்குல நீள மீன்களை வைக்கலாம். அவர் வைத்திருந்த பதினெட்டும் இரண்டு அங்குலக் குஞ்சுகள்; மொத்தம் 36 அங்குலம். விதியைப்போல் மூன்று மடங்கு. அவை வளர்ந்து ஆறு அங்குலமானால் 108 அங்குலம், ஒன்பது மடங்கு.

இன்னொரு விதி நீரின் மேற்பரப்பைக் கணக்கில் கொள்கிறது. ஆக்சிஜன் நீருக்குள் நுழைவது அதன் வழியாகத்தான். வெப்பநாட்டு நன்னீர் மீன்களுக்கு அங்குலத்துக்கு 12 சதுர அங்குலப் பரப்பு, தங்கமீன் போன்ற குளிர்நீர் மீன்களுக்கு 30, கடல் மீன்களுக்கு 48 என்பது பழைய கணக்கு. இரண்டடிக்கு ஓரடித் தொட்டியின் மேற்பரப்பு 288 சதுர அங்குலம். ஆகவே சிறிய நன்னீர் மீன்கள் 24 அங்குலம், தங்கமீன்கள் ஒன்பதரை அங்குலம், கடல் மீன்கள் வெறும் ஆறு அங்குலம். ஒரே தொட்டிக்கு இரண்டு விதிகள் இரண்டு விடைகள் தருகின்றன. இரண்டில் குறைவாக இருப்பதை எடுத்துக்கொள்வது என் வழக்கம்.

இந்த விதிகளுக்கு ஒரு பெருங்குறை உண்டு. அவை நீளத்தைக் கூட்டுகின்றன; கழிவோ உடல் எடையைப் பொறுத்தது. ஒரே வடிவம் கொண்ட மீன் இரண்டு மடங்கு நீளமானால் எடை எட்டு மடங்காகும். நான்கு மடங்கு நீளமானால் அறுபத்து நான்கு மடங்காகும். எனவே, ஓரங்குல மீன்கள் நான்கும் நான்கு அங்குல மீன் ஒன்றும் சமமல்ல. சிறிய, ஒல்லியான மீன்களுக்கு மட்டுமே அங்குலக் கணக்கு ஓரளவு பொருந்தும்.

மேலும், கடையில் காணும் நீளத்தைக் கணக்கில் எடுத்துக்கொள்ளக் கூடாது. முழு வளர்ச்சி அடைந்த நீளத்தையே எடுத்துக்கொள்ள வேண்டும். விரல் நீளத்தில் விற்கப்படும் ஆஸ்கார் ஓரடி வளரும். கண்ணாடியைச் சுத்தம் செய்யும் என்று சொல்லித் தரப்படும் சக்கர் மீன் ஓரடியையும் தாண்டும். ஷார்க் என்ற பெயரில் தொட்டிக் கடைகளில் விற்கப்படும் கெளுத்தி வகை மீன், இடம் கிடைத்தால் ஒரு மீட்டருக்கும் மேல் வளரக்கூடியது. இவை எவையும் இரண்டடித் தொட்டிக்கு உரியவை அல்ல.

கப்பி, மோலி, பிளாட்டி ஆகியவை குட்டி போடும் மீன்கள். ஒரு பெண் கப்பி ஏறக்குறைய மாதத்துக்கு ஒருமுறை இருபது, முப்பது குட்டிகளை ஈனும். இன்று ஆறு மீன் என்று தீர்மானித்தாலும் மூன்று மாதத்தில் அந்தத் தீர்மானம் நம் கையில் இராது. ஆண் மீன்களை மட்டுமே வாங்குவது எளிய வழி. பெருகிவிட்ட மீன்களையோ வளர்ந்துவிட்ட சக்கர் மீனையோ குளத்திலும் கால்வாயிலும் விட்டுவிடாதீர்கள். அவ்வாறு விடப்பட்ட சக்கர் மீன்கள் தமிழ்நாட்டின் பல நீர்நிலைகளில் பெருகி, உள்ளூர் மீன்களுக்கு இடையூறாகி இருக்கின்றன.

நம் ஊர்த் தண்ணீர், நம் ஊர் வெயில்

விதிகள் பிறந்த நாடுகளின் தட்பவெப்பம் வேறு. தூத்துக்குடியின் மே மாதம் வேறு. 20 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் நன்னீர் ஏறக்குறைய 9 மில்லிகிராம் ஆக்சிஜனைத் தாங்கும். 30 டிகிரியில் ஏழரை மில்லிகிராம்தான். அதே வெப்பத்தில் மீனின் ஆக்சிஜன் தேவையோ கூடுகிறது. வரவு குறையும்போது செலவு ஏறுகிறது.

தண்ணீரின் தன்மையும் முக்கியம். நகரின் குடிநீர் வல்லநாட்டிலிருந்து குழாய்களில் வரும் தாமிரபரணி நீர். குளோரின் கலந்து வழங்கப்படுகிறது. கடற்கரை ஊர் என்பதால் பல தெருக்களில் ஆழ்துளைக் கிணற்று நீர் உவர்ப்பாகவும் கடினமாகவும் இருக்கும். காரத்தன்மை மிகுந்த நீரில் அம்மோனியாவின் நச்சு கூடுகிறது. 25 டிகிரி வெப்பத்தில், பிஹெச் 7 உள்ள நீரில் மொத்த அம்மோனியாவில் சுமார் 0.6 விழுக்காடுதான் நச்சு வடிவில் இருக்கும். பிஹெச் 8 ஆனால் அது 5 விழுக்காட்டைத் தாண்டிவிடும். நீர் சூடானால் இன்னும் கூடும். மோலி, கப்பி போன்ற மீன்கள் கடினமான நீரையும் சிறிது உவர்ப்பையும் தாங்கும் என்பதால் நம் ஊருக்கு அவை ஏற்றவை. ஆயினும் எண்ணிக்கையில் தாராளம் காட்ட நம் தண்ணீர் இடம் தராது.

குளோரின் பற்றி எங்கள் பிரிவில் நடப்பதை இங்கே சொல்ல வேண்டும். ஒரு முறை டயாலிசிஸ் செய்ய ஏறக்குறைய 120 லிட்டர் நீர் தேவைப்படுகிறது. நிமிடத்துக்கு அரை லிட்டர் வீதம் நான்கு மணி நேரம் அது நோயாளியின் இரத்தத்துக்கு மிக அருகே, மெல்லிய சவ்வு ஒன்றுக்கு அப்பால் ஓடுகிறது. குளோரினும், அது அம்மோனியாவுடன் சேர்ந்து உண்டாகும் குளோரமினும் அந்தச் சவ்வைக் கடந்தால் சிவப்பணுக்கள் சிதையும். ஆகவே நீரைச் செயலூட்டிய கரி நிரப்பிய தொட்டிகளின் வழியாகச் செலுத்துகிறோம்; சிகிச்சை தொடங்கும் முன் தொழில்நுட்பர் குளோரின் அளவைச் சோதிக்கிறார். லிட்டருக்கு 0.1 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் தொடங்குவதில்லை. குடிப்பதற்கு ஏற்ற அதே நீர், வயிற்றின் பாதுகாப்பு இன்றி இரத்தத்தை நெருங்கும்போது தீங்காகிறது. மீனின் செவுளும் அப்படிப்பட்ட மெல்லிய சவ்வுதான். குழாய் நீரை நேரடியாகத் தொட்டியில் ஊற்றாதீர்கள். அகன்ற பாத்திரத்தில் ஒரு நாள் வைத்திருந்தோ, கடைகளில் கிடைக்கும் ஆன்டி குளோரின் துளிகளைக் கலந்தோ ஊற்றுங்கள். குளோரமின் இருந்தால், வெறுமனே வைத்திருப்பது போதாது, துளிகள் தேவை.

மோசமான நாளுக்கான கணக்கு

பல ஆண்டுகளுக்கு முன், மருத்துவ மேற்படிப்பு முடித்த புதிதில், என் முதல் தொட்டியில் இருபது மீன்கள் வைத்திருந்தேன். ஃபில்டர் நன்றாக ஓடியது; வாரந்தோறும் நீர் மாற்றினேன்; எட்டு மாதம் ஒரு மீனும் இறக்கவில்லை. எண்ணிக்கை சரிதான் என்று நம்பினேன். ஒரு மே மாத இரவில் மின்சாரம் நின்றது. எனக்கு இரவுப் பணி. காலையில் வீடு திரும்பியபோது பதினான்கு மீன்கள் மிதந்துகொண்டிருந்தன. ஏர் பம்ப் நின்றது; ஆக்சிஜன் குறைந்தது; இரவில் நீர்ச்செடிகளும் ஆக்சிஜனை எடுத்துக்கொண்டன. எட்டு மாதமாக அந்தத் தொட்டி தன் எல்லையின் விளிம்பில் நின்றிருக்கிறது. ஒவ்வொரு நாளும் எல்லாம் சரியாக நடந்ததால் அது எனக்குத் தெரியவில்லை.

சிறுநீரகங்களும் இப்படித்தான். ஆரோக்கியமான மனிதருக்கு அவை தேவைக்கு மிகுந்த திறனுடன் அமைந்திருக்கின்றன. அதனால்தான் ஒன்றைத் தானம் செய்தவர் மற்றொன்றைக் கொண்டு வாழ முடிகிறது. நோய் அந்த மிகுதியைச் சிறிது சிறிதாகக் கரைக்கிறது. சர்க்கரையும் இரத்த அழுத்தமும் உள்ளவர்களில் பலர், பாதிக்கு மேல் திறனை இழந்த பிறகும் எந்தத் தொல்லையும் உணர்வதில்லை. பிறகு ஒரு வயிற்றுப்போக்கு, மருத்துவரைக் கேளாமல் உட்கொண்ட சில வலிமாத்திரைகள், அல்லது ஒரு காய்ச்சல் வருகிறது. முந்திய நாள் வரை நன்றாக இருந்தாரே என்று வீட்டார் சொல்கிறார்கள். நன்றாக இருந்தது உண்மை. விளிம்பில் இருந்ததும் உண்மை.

எனவே மீன்களின் எண்ணிக்கையை நல்ல நாளைக் கொண்டு தீர்மானிக்காதீர்கள். மின்சாரம் நின்ற இரவையும், உச்ச வெயிலையும், வீட்டார் அனைவரும் திருச்செந்தூருக்குப் போய் இரண்டு நாள் கழித்துத் திரும்புவதையும், யாரோ ஒரு குழந்தை தீனி டப்பாவைக் கவிழ்ப்பதையும் மனத்தில் கொண்டு தீர்மானியுங்கள். அந்த நாளைத் தாங்கும் எண்ணிக்கையே சரியான எண்ணிக்கை. இன்று என் வீட்டுத் தொட்டி 100 லிட்டர். அதில் பன்னிரண்டு சிறிய மீன்கள். வருகிறவர்கள் “இவ்வளவு பெரிய தொட்டியில் இவ்வளவுதானா?” என்று கேட்பார்கள்.

முத்துக் கரையின் கணக்கு

நீருக்குள் இருக்கும் உயிர்களை முதலில் எண்ணி, பிறகு தீர்மானிப்பது இந்தக் கரைக்குப் புதிதல்ல. முத்துக்குளிப்பு ஆண்டுதோறும் நடந்ததில்லை. பார் எனப்படும் கடலடிப் படுகைகளில் முதலில் குளியாளிகள் இறங்கி மாதிரிச் சிப்பிகளை எடுத்து வருவார்கள். சிப்பிகளின் எண்ணிக்கை, வயது, கிடைக்கும் முத்தின் மதிப்பு ஆகியவற்றைக் கணக்கிட்ட பிறகே குளிப்பு அறிவிக்கப்படும். போதாது எனில் அந்த ஆண்டு குளிப்பு இல்லை. அப்படியும் பார்களின் வளம் நிலையாக இருக்கவில்லை. 1955 முதல் 1961 வரை நடந்த தொடர் குளிப்புகளுக்குப் பிறகு அத்தகைய பெருங்குளிப்பு இங்கே நடைபெறவில்லை.

அதன்பின் அறிவியல் வேறு வழி தேடியது. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் தூத்துக்குடியை அடுத்த வேப்பலோடையில் முத்து வளர்ப்பு ஆய்வைத் தொடங்கியது. கே. அழகர்சுவாமி 1973-இல் உருண்டை முத்தை உருவாக்குவதில் வெற்றி கண்டார். 1981-இல் தூத்துக்குடியிலேயே பொரிப்பகத்தில் சிப்பிக் குஞ்சுகள் உருவாக்கப்பட்டன. கண்ணுக்குத் தெரியாத அந்த இளம் உயிர்களைத் தொட்டியில் வளர்ப்பவர் எவரும் நாள்தோறும் சந்திக்கும் கேள்வி, இத்தனை நீரில் எத்தனை உயிர்கள் என்பதுதான். நெருக்கினால் அவை வளரா. பேத்தியின் தொட்டிக்கும் பொரிப்பகத்தின் தொட்டிக்கும் அளவில்தான் வேறுபாடு.

கடல் அருகில் இருப்பதால் கடல்மீன் தொட்டி வைக்க விரும்புவோர் நம் ஊரில் உண்டு. மேலே சொன்ன ஆறு அங்குலக் கணக்கை அவர்கள் மறக்க வேண்டாம்; உப்பு நீரில் ஆக்சிஜன் இன்னும் குறைவு. இரண்டடித் தொட்டியில் சிறிய கோமாளி மீன் ஒரு ஜோடிக்கு மேல் வேண்டாம். பொரிப்பகத்தில் பிறந்த மீன்களையே வாங்குங்கள். அந்தத் தொழில்நுட்பம் அருகிலுள்ள மண்டபத்திலேயே வளர்த்தெடுக்கப்பட்டிருக்கிறது. உயிருள்ள பவளத்தையும் கடற்குதிரையையும் வீட்டுக்குக் கொண்டு வராதீர்கள். 2001-இல் அவை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றிய கடல் 1986 முதல் தேசியப் பூங்கா.

இரண்டடித் தொட்டிக்கு என் பரிந்துரை

ஆண் கப்பி போன்ற, மூன்று சென்டிமீட்டர் அளவுள்ள சிறிய மீன்கள் எட்டு முதல் பத்து வரை போதும். அவற்றையும் ஒரே நாளில் விட வேண்டாம். முதலில் மூன்று. அம்மோனியாவையும் நைட்ரைட்டையும் காட்டும் சோதனைத் துளிகள் அலங்கார மீன் கடைகளில் கிடைக்கும். இரண்டும் பூஜ்யம் எனக் காட்டிய பிறகு இன்னும் இரண்டு. இரண்டு வாரம் பொறுத்து மீண்டும் சோதனை. பிறகு இன்னும் இரண்டு. எந்தக் கட்டத்தில் அம்மோனியா தலைகாட்டுகிறதோ அங்கே நிறுத்திக்கொள்ளுங்கள். விதி தொடக்கம்தான்; முடிவைச் சோதனை சொல்லட்டும். நைட்ரேட் லிட்டருக்கு 40 மில்லிகிராமைத் தாண்டிக்கொண்டே இருந்தால் மீன்கள் கூடுதல், அல்லது தீனி கூடுதல்.

வாரந்தோறும் நீரில் கால் பங்கை மட்டும் மாற்றுங்கள். ஃபில்டர் பஞ்சைக் குழாயடியில் கழுவாமல், தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே பிழிந்து அலசுங்கள். இரண்டு நிமிடத்தில் மீன்கள் தின்று முடிக்கும் அளவே தீனி. தங்கமீன்தான் வேண்டும் என்றால் பெரிய தொட்டிக்குத் திட்டமிடுங்கள்.

நோயாளி இருக்கும் வீடுகளுக்கு

மீன்தொட்டி வைத்திருப்பதற்கு எங்கள் நோயாளிகளில் பெரும்பாலோருக்குத் தடை இல்லை. சில எச்சரிக்கைகள் மட்டும் தேவை.

மீன்தொட்டி நீரில் வாழும் மைக்கோபாக்டீரியம் மரினம் என்ற நுண்ணுயிர், கையில் உள்ள சிறு கீறல் வழியாகத் தோலுக்குள் நுழையக்கூடும். சில வாரங்கள் கழித்து விரலிலோ முன்கையிலோ ஆறாத கட்டிகளாகத் தோன்றும். நோயெதிர்ப்பைக் குறைக்கும் மருந்து உட்கொள்பவர்களிடம், குறிப்பாகச் சிறுநீரக மாற்று செய்துகொண்டவர்களிடம், அது ஆழமாகப் பரவலாம். அவர்கள் தொட்டி சுத்தம் செய்யும் வேலையை வீட்டில் வேறொருவரிடம் விட்டுவிடுவது நல்லது. தவிர்க்க முடியாதபோது நீளமான நீர்புகாக் கையுறை அணியுங்கள். ஃபிஸ்டுலா உள்ள கையைத் தொட்டி நீரில் நனைக்க வேண்டாம். ஆறாத கட்டி தோன்றினால், வீட்டில் மீன்தொட்டி இருப்பதை மருத்துவரிடம் மறவாமல் சொல்லுங்கள். அந்த ஒரு தகவல் பல வார அலைச்சலைத் தவிர்க்கும்.

எவராயினும் குழாயை வாயால் உறிஞ்சி நீர் இறக்க வேண்டாம். சமையலறைத் தொட்டியில் மீன்தொட்டிப் பொருட்களைக் கழுவ வேண்டாம். கையை நீரில் விடுமுன் மின்இணைப்பைத் துண்டியுங்கள். வேலை முடிந்ததும் சோப்பால் கை கழுவுங்கள். நெருக்கடியான தொட்டியில் மீன்கள் அடிக்கடி நோயுறும். அடிக்கடி கை விட நேரும். எண்ணிக்கை குறைந்தால் இந்த அபாயமும் குறையும்.

தாத்தாவின் நாட்காட்டி

எஞ்சியிருந்த பதினொரு தங்கமீன்களில் பத்து, பெரிய சிமெண்டுத் தொட்டி வைத்திருந்த உறவினர் வீட்டு முற்றத்துக்குச் சென்றன. ஒன்றை மட்டும் விடமாட்டேன் என்று பேத்தி அழுததால் அது இருக்கிறது. துணைக்கு வேறு மீன் இல்லை. கால் பங்கு நீர் மாற்றும் வேலையை மகன் செய்கிறார்.

ஏன் வாரம் தவறாமல் மாற்ற வேண்டும், ஒரு வாரம் விட்டால் என்ன என்று பேத்தி கேட்டாளாம். அதற்குப் பதில் சொல்லத் தொடங்கி, பாதியில் நிறுத்திவிட்டதாக அவர் என்னிடம் சொன்னார். சில மாதங்களுக்கு முன் ஒரு திருமணத்துக்காக அவர் ஒரு டயாலிசிஸைத் தவறவிட்டார். விருந்தில் கருவாட்டுக் குழம்பு, தாகத்துக்குத் தண்ணீர். உடலில் தங்கும் ஏறக்குறைய எட்டு கிராம் உப்பு ஒரு லிட்டர் நீரைத் தன்னுடன் நிறுத்திக்கொள்ளும். நான்காம் நாள் நள்ளிரவில் மூச்சுத் திணறலோடு அவசரப் பிரிவுக்குக் கொண்டுவரப்பட்டார். அன்று நான் கடிந்துகொண்டேன், அவர் தலையாட்டினார். எனக்குக் கோபம் என்று மட்டும் அவருக்குப் புரிந்ததாம்.

“மேல வந்து வாயத் திறந்துச்சே டாக்டரம்மா, அந்த மீனு. அன்னைக்கு நானும் அப்படித்தானே கெடந்தேன்,” என்றார்.

ஒப்புமைக்கு எல்லை உண்டு. மனிதர் மீன் அல்லர். ஆயினும் டயாலிசிஸ் செய்துகொள்பவருக்கு இரண்டு சிகிச்சைகளுக்கு இடைப்பட்ட நாட்கள் நீர் மாற்றாத நாட்களே. வாரத்தில் வரும் நீண்ட இடைவெளிதான் அபாயம் மிகுந்தது. அந்த நாட்களில் உப்பையும் தண்ணீரையும் பொட்டாசியம் மிகுந்த உணவையும் உங்களுக்குச் சொன்ன அளவுக்குள் வைத்துக்கொள்வதே, தொட்டியில் மீன்களைக் குறைப்பதற்கு ஒப்பானது.

அதற்குப் பிறகு அவர் ஒருமுறையும் தவறவில்லை என்று எழுதினால் அது பொய்யாகும். ஒரு முறை துக்க வீட்டுக்குப் போக நேர்ந்தது. ஆனால் முந்திய நாளே தொலைபேசியில் அழைத்துச் சொன்னார். மறுநாள் காலைக்கு மாற்றிக்கொடுத்தோம். உங்களுக்கும் அப்படி நேர்ந்தால் தயங்காமல் அழையுங்கள். நாள் மாற்றித் தருவது எங்களுக்குச் சிரமம் இல்லை.

அவர் வீட்டுச் சமையலறையில் தொங்கும் நாட்காட்டியின் படத்தைத் தொலைபேசியில் காட்டினார். தொட்டியில் நீர் மாற்றும் நாளைப் பேத்தி நீல மையால் வட்டமிட்டிருக்கிறாள். தாத்தா மருத்துவமனைக்கு வரும் நாட்கள் சிவப்பு. வாரத்துக்கு ஒரு நீலம், மூன்று சிவப்பு.